போஸ்டரில் விடுபட்ட சொல்

அராபா எசுமானுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். தக்கோராடியில் அவளிடம் மோட்டார் வைண்டிங் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். மேடம் மெதுவாகப் பேசத் தொடங்கினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். அவளுடைய தாய்மாமன் குவாமெனாவுக்கு மட்டும் இந்த விஷயம் இத்தனை வருஷத்தில் பிடிபடவே இல்லை.

அம்மா இறந்து ஒரு வாரம் ஆனதும் சொந்த ஊரான எல்மினாவின் வீட்டில் குடும்பம் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் உடுத்திக் கூடியது. உடல் பிணவறையில் இருக்க, அடக்கத்துக்கு நாள் குறித்தார்கள். அடுத்தது போஸ்டர். பிள்ளைகளின் பெயரும், அவர்கள் எங்கே என்னவாக இருக்கிறார்கள் என்பதும் அதில் வரும். ஊரே நின்று படிக்கும். குடும்பத் தலைவர் மாமாதான், அதனால் அவர் சொல்வதுதான் அச்சாகும்.

"ஈபோ எசுமான், பல்கலைக்கழகம், அக்ரா" என்று சொன்னார் மாமா. ஈபோ அராபாவின் தம்பி. தலைநகரத்தின் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில், பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு தூக்குகிறான். அடுத்தவள் சித்தி மகள் மான்சா; அவர்கள் முறையில் தங்கை மகளும் மகள்தான். அவள் படித்தது பெட்ரோல் பங்குக்கு மேல்மாடியில் நடக்கும் ஒரு தனியார் கல்லூரியில். சொந்தமாகப் பட்டம் கொடுக்க அதற்கு இன்னும் அனுமதி இல்லை. ஆகவே அக்ரா பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டம் வந்தது. அந்த வாசலை மிதிக்காதவளின் பெயருக்குப் பின்னாலும் அதே பல்கலைக்கழகம் ஏறியது.

"அராபா எசுமான், மூத்த மகள்" என்றார் மாமா. அத்தோடு நிறுத்திவிட்டார்.

"நான் வேலை பாக்கிற இடம்?"

"பாலிடெக்னிக்கை எல்லாம் எதுக்கும்மா போட்டுக்கிட்டு."

"அது இப்ப பாலிடெக்னிக் இல்ல மாமா. சட்டம் போட்டு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா மாத்தி எவ்வளவோ காலமாச்சு. நான் அங்க விரிவுரையாளர்."

"போர்டைத்தானே மாத்துனாங்க? உள்ள அதே ஸ்பானர், அதே கிரீஸ்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஈபோவும் சிரித்தான், வெட்கங்கெட்டவன்.

போர்டை மாற்றினார்களாம். போர்டு மாறியபோது பழைய தகுதி இனிச் செல்லாது, ஆராய்ச்சிப் பட்டம் இருந்தால்தான் விரிவுரையாளர் என்று சொல்லிவிட்டார்கள். அராபா கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, விடுமுறைகளை எல்லாம் பலிகொடுத்து அந்தப் பட்டத்தையும் வாங்கினாள். அதற்குப் பிறகும் பழைய பல்கலைக்கழகத்துக்காரர்கள் கருத்தரங்குகளில் "ஓ, தொழில்நுட்பமா" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்கள். நாட்டுக்கு மோட்டாரைப் பிரித்து மாட்டும் கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரி மட்டும் முன்வரிசையில் உட்காரக் கூடாது. என்ன அநியாயம் இது?

"சரி மாமா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "சவப்பெட்டிச் செலவு பிள்ளைங்க பொறுப்பு. அதை அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்."

ஈபோவின் சிரிப்பு அடங்கியது. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதுக்குப் போய் கோவிச்சுக்கிறியே. போட்டுடறேன், விடு."

போட்டார். தக்கோராடியிலிருந்து அராபா திரும்பி வந்தபோது எல்மினாச் சுவரெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்ததைப் படித்தாள்: அராபா எசுமான், விரிவுரையாளர், பல்கலைக்கழகம், அக்ரா. நேராக மாமாவிடம் போனாள்.

"தொழில்நுட்பம் எங்க மாமா? அக்ரா எங்கேருந்து வந்துச்சு?"

"நாந்தான் போடச் சொன்னேன். மூணு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தா பாக்க அழகா இருக்குல்ல? உன்னை உசத்தித்தானே வச்சிருக்கேன். ஒரு நன்றி சொல்லத் தோணுதா உனக்கு?"

காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. இவ்வளவு நாள் இல்லாதவளாக வைத்திருந்தார்கள், இப்போது வேறொருத்தியாக ஆக்கிவிட்டார்கள். எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடக்கத்தன்று விடிந்ததும் சந்தைப் பெண்கள் வந்தார்கள். அம்மாவோடு ஒரே அடுப்பில் மீன் வாட்டி விற்ற எக்குவா, அராபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போஸ்டரைப் பாத்ததும் என் மனசு குளுந்துபோச்சு. மான்சா அம்மா நம்பவே மாட்டேன்னா. இப்ப வாயை மூடிக்கிட்டா."

"எதை நம்பல பெரியம்மா?"

"நீ அக்ராவுல பெரிய பல்கலைக்கழகத்துல இருக்கிறதைத்தான். உங்கம்மா சந்தை பூரா சொல்லிக்கிட்டு இருப்பா. வாரா வாரம் எம் மக அக்ராவுலேருந்து வர்றான்னு."

அராபா கையை விடுவித்துக்கொண்டாள்.

உள்ளே அம்மாவைச் சரிகைத் துணி உடுத்திக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முன்னால் போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதை ஒவ்வொருவராகக் குனிந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா தலைமாட்டில் நின்றார். அராபாவுக்கு அழுகை வரவில்லை. அம்மா மேல் இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் மாமா மேல் வந்தது ஒன்றுமே இல்லை. முறை வந்ததும் குனிந்தாள்.

"அம்மா, நான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல மோட்டார் வைண்டிங் சொல்லித் தர்றேன். போற எடத்துல, மூத்தவ என்ன பண்றான்னு கேப்பாங்க. அவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லு."