வெந்நீர் மூலை

கெலமங்கலம் ரோட்டில் செல்லியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளோடு ஒருமுறையாவது சண்டை போட்டவர்கள். வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது கம்பெனி பஸ் ஆரன் அடித்தால், நடுரோட்டில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாள். புருஷன் போன பிறகு அவளையும் மகள் யுவஸ்ரீயையும் காப்பாற்றியவை அந்த வாத்துகள். பஸ்ஸா சோறு போட்டது, பஸ்தான் காத்திருக்கட்டும் என்பது அவள் கட்சி.

மார்கழி பிறந்தால் ஓசூர்ப் பக்கம் வாத்துகளுக்கு முட்டையிட மனசு வராது. ஏரித் தண்ணீர் ஊசியாகக் குத்தும். பனி விலகவே வெயில் ஏறிவிடும். ஆனால் அப்போதுதான் முட்டைக்குக் கிராக்கி. மத்திகிரியில் வரிசை வீடுகளில் தங்கி வேலைக்குப் போகும் வடநாட்டுப் பையன்கள் வாத்து முட்டை என்றால் உயிரை விடுவார்கள். கூடையை இறக்கி வைத்தால் போதும், காலியாகிவிடும். முட்டை இருந்தால்தானே இறக்கி வைப்பதற்கு.

இந்த மார்கழியில்தான் வாத்துகள் அந்த மூலையைக் கண்டுபிடித்தன. ஏரியின் கிழக்குக் கரையில், ஒரு கம்பெனியின் மதிலுக்கு அடியில் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் அதிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் விழும். சுற்றிலும் பனி மூடிக் கிடக்க, அந்த இடத்தில் மட்டும் ஆவி எழும். செல்லி கையை விட்டுப் பார்த்தாள். குளிக்கலாம் போல இருந்தது. சோப்பும் துரு ஆணியும் கலந்த மாதிரி லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. வாத்து தலையை முக்கினால் அது நல்ல தண்ணீர். இவை தலையை முக்கியதோடு நிற்காமல், வெளியே வரவே மாட்டேன் என்றன.

தை பிறப்பதற்குள் கூடை நிரம்ப ஆரம்பித்தது. சிறு பண்ணைக்காரர்களின் வருமானத்தைக் கூட்டுவதற்கென்று ஒரு திட்டத்தின் பேரில் ஊர் ஊராக வரும் சுகுணா, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கூடையையே பார்த்தாள்.

"எல்லாருக்கும் முட்டை நின்னுபோச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி செல்லியக்கா?"

"வாத்துங்களத்தான் கேக்கணும் மேடம். நானா முட்டை போடறன்?"

சுகுணா சிரித்தாள். அடுத்த பயிற்சிக்கு வந்து நாலு பேருக்குச் சொல்லித் தாருங்கள் என்றாள். முட்டையோடு குஞ்சும் விற்றால் இன்னும் லாபம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். செல்லிக்குத் தலை கால் புரியவில்லை. குழாயைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. விட்டால் ஊர் வாத்தெல்லாம் அங்கே வந்து இறங்கிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் யுவஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். மருமகன் ராஜேஷ்குமார் திருநெல்வேலிப் பக்கம். அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். தினமும் காலையில் கூடையிலேயே பெரிய முட்டையாகப் பொறுக்கி, வேகவைத்து, மிளகுத்தூள் தூவி மகளிடம் கொடுப்பாள் செல்லி. விற்பதற்கு அதற்கு அடுத்த முட்டைகள்தான்.

"முட்டை உள்ள போனதும் ஒதைக்கறான் பாரும்மா" என்று யுவஸ்ரீ தாயின் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொள்வாள். செல்லிக்கு அந்த நேரத்துக்காகவே பொழுது விடிந்தது.

குஞ்சு எடுக்கும் யோசனைக்கு நிர்மலா கூட்டுச் சேர்ந்தாள். பக்கத்துத் தெருக்காரி, தன் நாலைந்து வாத்துகளை வயல் வாய்க்காலில் மேய்ப்பவள். நாட்டு வாத்து முட்டை போடுமே தவிர, பொறுமையாக அடைகாக்காது. அதற்குக் கோழிதான் வேண்டும். நிர்மலா வீட்டுக் கோழியின் அடியில் இருவர் முட்டைகளையும் கலந்து வைத்தார்கள். அடையாளத்துக்காக நிர்மலா தன் முட்டைகளில் கரிக்கோடு போட்டாள். சில நாள் கழித்து வெயிலில் தூக்கிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் கரு பிடித்து, சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது.

பொரிக்கும் நாள் நெருங்கியது. உள்ளே குஞ்சு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட வேண்டும். உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். காலையில் நிர்மலா தண்ணீரைக் காய வைத்துப் பேசினில் ஊற்றினாள். இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள்.

கரிக்கோடு போட்ட முட்டைகள் ஒவ்வொன்றாகத் துள்ளின. ஒன்று சுற்றிக்கூட வந்தது. நிர்மலா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். கோடு இல்லாத முட்டைகள், செல்லியின் முட்டைகள், போட்ட இடத்திலேயே நின்றன. ஒன்றுகூட அசையவில்லை.

"கோழி மிதிச்சிருக்கும் செல்லி. சில நேரம் அப்படி ஆவறதுதான்."

கோழிக்குக் கரிக்கோடு தெரியுமா என்ன? செல்லி ஒரு முட்டையை எடுக்கப் பேசினில் கையை விட்டாள். அந்தச் சூடு அவள் கைக்குப் பழக்கமான சூடாக இருந்தது. மார்கழி முழுக்கக் குழாயடியில் தொட்டுப் பார்த்த அதே சூடு. முட்டையை ஓரமாக உடைத்தாள். மஞ்சள் மயிர் முளைத்து முழுசாய் வளர்ந்த குஞ்சு, கழுத்து ஒருக்களித்துத் திரும்பி விறைத்துக் கிடந்தது.

அவளுக்குக் குஞ்சு நினைவே வரவில்லை. மகளுக்குக் கொடுத்த பெரிய பெரிய முட்டைகள்தான் வரிசையாகக் கண்ணில் வந்தன. செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து நடந்தாள்.

ஏரிக்கரை வழியாகத்தான் வீடு. பனி இன்னும் விலகவில்லை. குழாய் மூலையில் ஆவிக்குள் வாத்துகள் கத்துவது மட்டும் கேட்டது. விடிந்ததும் பட்டியைத் திறந்துவிட்டிருந்தாள். இப்போதெல்லாம் ஓட்டிவிட வேண்டியதில்லை, அவையே போய்விடுகின்றன. "பா... பா..." என்று கூப்பிட்டாள். எந்த நேரத்திலும் அந்தக் குரலுக்கு ஓடிவருகிற வாத்துகள் ஒன்றுகூட வரவில்லை. நின்று பார்க்கப் பயமாக இருந்தது. வேகமாக நடந்தாள்.

யுவஸ்ரீ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் முட்டை ஓடு. பாதி முட்டை வாயில், பாதி கையில்.

"எங்கம்மா போய்ட்ட? நானே வேகவச்சிக்கிட்டன். நேத்து சாயந்திரத்துலருந்து இவன் சத்தமே இல்ல. முட்டை உள்ள போனா எழுந்துக்குவான்னு பாத்தன்."

செல்லி அந்தப் பாதி முட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கித் தெருவில் எறிந்தாள். யுவஸ்ரீ சிரிக்கப் பார்த்து, தாயின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"என்னாம்மா ஆச்சு?"

ஆட்டோவைக் கூப்பிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன தின்றாள் என்று அவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்தும் அப்படியே மண்டியிட்டு மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"கொஞ்சம் ஆடாம இரு கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்று காத்திருந்தாள்.