மாரியப்பனுக்காக எடுத்துப் போன சவரக்கத்தி

தையல் மெஷின் எண்ணெயின் வாசனை... அதோடு பதப்படுத்திய தோலின் வாசனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருந்த வீட்டின் மர பீரோவைத் திறந்தால் முதலில் இவை இரண்டும்தான் வரும். உள்ளே, பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றிய பதினான்கு சவரக்கத்திகள்.

முதல் கத்தி 1984இல் கிடைத்ததாக முன்பொரு பதிவில் எழுதியிருந்தேன். தவறு. 1983 நவம்பர். நண்பர்கள் திருத்திக்கொள்ளவும்.

அதைக் கொண்டுவந்தவன் மாரியப்பன். ராஜபாளையத்தில் என்னோடு பள்ளியில் படித்தவன். பின்னர் பஞ்சு லாரி ஓட்டினான். நான் நீதிமன்றத்தில் எழுத்தரானேன். பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் பழைய சாமான் சந்தையில் துழாவி, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் செய்த கத்திகளை வாங்கி வருவான். நான் அவற்றைக் கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்துப் பதமாக்கி, ஞாயிறு காலையில் முதன்முதலாக அவன் முகத்தில்தான் வைத்துப் பார்ப்பேன்.

"கிளார்க்கு, கழுத்துப் பக்கம் பாத்துலே. ரெண்டு பொட்டப்பிள்ளயக் கரையேத்தணும்" என்பான், கண்ணை மூடியபடியே.

ஒரு கத்தியை மட்டும் நாங்கள் பயன்படுத்தியதில்லை. தளவாய்புரத்தில் ஒரு சலூன்காரர் காலமான பிறகு, 1989 பிப்ரவரியில், அவர் வீட்டிலிருந்து வந்தது அது. மாட்டுக்கொம்புப் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். இறந்தவர்களுக்குக் கடைசிச் சவரம் செய்வதற்கென்று அவர் தனியே வைத்திருந்த கத்தி. உயிரோடிருப்பவர் முகத்தில் அதை வைக்கமாட்டார்கள்.

"ஒனக்கு சேக்கணும்னா சேத்து வச்சுக்க. எம்மூஞ்சி பக்கம் கொண்டாந்துராத" என்று மாரியப்பன் அப்போது சிரித்தான்.

1995 மே மாதம் அவன் லாரியை விட்டு இறங்கினான். ஓயாத இருமல்... எலும்பு துருத்திய உடம்பு. மதுரையில் ரத்தம் பார்த்து எய்ட்ஸ் என்றார்கள். வெளியில் டி.பி. என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அவன் வழக்கமாகப் போகும் சலூனுக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. அதன்பின் ராஜபாளையத்தில் எந்தச் சலூன்காரரும் அவனைத் தொடவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அவன் மனைவி பேச்சியம்மாள் நீதிமன்ற வளாகத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, பத்தாம் தேதி மூத்தவளுக்கு நிச்சயம். கோவில்பட்டியிலருந்து மாப்பிள்ள வீட்டுக்காரவிய வாராவ. இந்தத் தாடியோட அவிய முன்னால உக்கார மாட்டேன்னு இவிய ஒரே பிடிவாதமா இருக்காவ. தகப்பன் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? நீங்க செத்த நேரம் வந்துட்டுப் போங்கண்ணே."

வருவதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பீரோவைத் திறந்து வெகுநேரம் நின்றேன். அவன் ரத்தம் பட்ட கத்தியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றில் ஒன்றைக்கூட இழக்க மனம் வரவில்லை.

சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டு, பதினான்காவதை எடுத்துக்கொண்டேன்.

அவனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். வெந்நீரில் துண்டை நனைத்து ஒற்றி, சோப்பு நுரை தடவினேன். கன்னத்துத் தோல் தளர்ந்து விரலோடு இழுபட்டு வந்தது. வலது காதோரம் முதல் இழுப்பு இழுத்ததும் அவன் கண்ணைத் திறந்தான். வழக்கமாகத் திறக்கமாட்டான். கத்தியின் பிடியைப் பார்த்தான். நூல் சுற்றியிருந்த இடம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

"நூல அவுத்துட்டியாக்கும்."

என் கை நின்றது.

"நல்லதுதாம்லே. பொறவு தூக்கிப் போட்டுறலாம்லா..." என்றான். கன்னத்தைக் காட்டி, "செய்யி, செய்யி. அவிய வந்துருவாவ."

செய்து முடித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்தில் அமர்ந்து லாரி டயர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். மாரியப்பன் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பும் வழியில் கத்தியைக் கண்மாயில் எறிந்தேன்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஆபீஸில் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 3 காலையில் அவன் இறந்தான். தகவல் கிடைத்ததும் பதினொரு மணிக்குள் போய்விட்டேன். இம்முறை என்னிடம் இருந்தவற்றிலேயே சிறந்த கத்தியைப் பையில் வைத்திருந்தேன். மூத்த மகள் வாசலிலேயே பையைப் பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் மாமா. அப்பா சொல்லிட்டுப் போயிருக்காவ."

"என்ன சொன்னான்?"

"மாமாவுக்குப் பயம், பாவம். கத்தியோட வந்தா வேண்டாம்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்புன்னாவ."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியைக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். இருபத்து மூன்று நாள் தாடியோடு அவனைத் தூக்கிப்போனார்கள்.

அவள் திருமணம் மறு ஆண்டு ஆவணியில் நடந்தது. பத்திரிகை தபாலில் வந்தது.

இன்று எந்தச் சலூனிலும் நம் கண்முன்னே புது பிளேடை உடைத்து மாட்டுகிறார்கள். அந்த நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. அது இருப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள். பழைய சவரக்கத்தி சேர்க்கும் இளைஞர்கள் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். யாரோ முகம் தெரியாதவர் பயன்படுத்திய கத்தியை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்கிறார்கள். பிடியைக் கழற்றிவிட்டு, இருபது நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்று பதில் எழுதுகிறேன்.

அன்றைக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.