ஊதுவத்தி மணம்

சென்ற ஆண்டு ஐப்பசியில், அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், காரைக்காலில் உள்ள ஒரு தனியார் அலுவலகத்தில் இது நிகழ்ந்தது. ஊழியர்களின் குறைகளைக் கேட்கும் மூவர் குழுவில், வெளியார் ஒருவர் வேண்டுமென்று என்னை அங்கே அமர்த்தியிருந்தனர். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நடுவுநிலை பிறழாதவன் என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. அதை நானும் நம்பியிருந்தேன்.

முறையிட்டவர், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம்பெண். எதிரே வந்து அமர்ந்ததும் எந்த ஊர் என்று கேட்டேன்.

"காரைக்கால்மேடுங்க ஐயா. அப்பா கடலுக்குப் போறாங்க."

தினமும் அந்த இளம்பெண் வந்து தம் இருக்கையில் அமர்ந்தவுடன், பக்கத்து மேசையில் பணிபுரியும் மூத்த பெண்மணி எழுந்து, அலமாரி மேலுள்ள சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவாராம். தேநீர் அருந்திவிட்டு வந்தால் இன்னொன்று. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்களாம். இதுவே முறையீடு.

அந்தப் பெண்மணியையும் அழைத்துக் கேட்டோம்.

"சாமிக்கு ஊதுவத்தி ஏத்துறது ஒரு குத்தமாங்க ஐயா? ஜன்னலைச் சாத்தினாலும் எங்க பக்கம் கடல்காத்து கொஞ்சம் தூக்கலாத்தான் அடிக்குது. அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றார்.

குழுவினர் இருவரும் சிரித்தனர். பேச்சில் நயம் கண்டால் சுவைப்பது என் நெடுநாள் பழக்கம். நானும் சிரித்தேன். அந்த இளம்பெண் மட்டும் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்மணி வெளியே சென்றபின் இளம்பெண்ணிடம் கேட்டேன்: "உங்களை எவரேனும் இழிவாகப் பேசினார்களா, அம்மா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க."

அந்த விடை எனக்குப் போதுமானதாக இருந்தது. கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டே, பலர் கூடிப் பணிபுரியும் இடத்தில் சிறு உரசல்கள் இயல்பென்றும், இறைவழிபாட்டைத் துன்புறுத்தல் என்று கொள்ள இயலாதென்றும், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றும் அழகிய சொற்றொடர்களில் எடுத்துரைத்தேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு எழுந்தார்.

"அப்ப நாளையிலேருந்து நான் வேலைக்கு வரலைங்க" என்றவர், கதவருகே சென்று திரும்பினார். "ஒண்ணு சொல்லிக்கிறேங்க ஐயா, கோவிச்சுக்காதீங்க. நான் வந்து உக்காந்தப்ப உங்க கைக்குட்டை பையிலதான் இருந்துச்சு. ஊரு பேரைச் சொன்னப்புறந்தான் எடுத்தீங்க. இன்னும் கீழ வைக்கலை."

கண்களைத் தாழ்த்திப் பார்த்தேன். கைக்குட்டை என் மூக்கருகே இருந்தது. எனக்குச் சளியும் இல்லை, தும்மலும் இல்லை. மூலையில் சாத்தியிருந்த குடைகளின் ஈர வாடையைத் தவிர அந்த அறையில் வேறு வாடையே இல்லை.

எழுந்து நின்றேன். "இருங்கள் அம்மா. நான் சொன்னது தவறு" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. சிரித்த மற்ற இருவரும் என் கையைப் பார்த்தனர், பிறகு தலைகுனிந்தவர்கள் நிமிரவில்லை. நடந்தது துன்புறுத்தலே என்று அன்று மாலைக்குள் முடிவெழுதிக் கொடுத்தோம். ஊதுவத்தி நின்றது, அந்தப் பெண்மணி வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

இளம்பெண் இன்றும் அங்கேயே பணிபுரிகிறார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் கைகூப்பி நலம் கேட்கிறார். ஆனால், சற்றுத் தள்ளியே நிற்கிறார். அருகே வாருங்கள் என்று அழைக்கும் தகுதி எனக்கு இல்லை. "யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்று எவரேனும் கூறக் கேட்டால், இப்போதெல்லாம் முதலில் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.