கையெழுத்துக்கு முன் பன்னிரண்டு கேள்விகள்

ஆரோக்கியசெல்வி திண்டிவனத்தை ஒட்டிய ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் நூலகர். பதினாறு ஆண்டுகளாக விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த ஜூலையில் கல்லூரிக்கு ஒரு மின்நூலகம் சோதனைக்கு வந்தது. இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்து, நூலகர் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மூன்றாண்டு ஒப்பந்தம். ஆனால் செப்டம்பரில் படிவம் அவர் மேசைக்கு வந்தபோதே எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று அச்சாகியிருந்தது.

"வெள்ளிக்கெழம கமிட்டி மீட்டிங். சைன் போட்டு எடுத்தாந்துடுங்க மேடம்" என்றார் தாளாளர் விருத்தாசலம்.

செல்வி பன்னிரண்டு மாணவர்களை ஒவ்வொருவராகக் கணினி முன் உட்காரவைத்தார். பாடத்துக்கு அப்போது தேவைப்பட்ட ஏதாவது ஒன்றை மின்நூலகத்தில் தேடச் சொன்னார். பக்கத்தில் அமர்ந்து, வாயே திறக்காமல், என்ன தட்டினார்கள், எங்கே திணறினார்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டார். ஐந்து பேருக்குத்தான் விடை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அந்தக் குறிப்புகளை மறுபடி புரட்டினார். அவர் வேலை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படுவது. அடுத்த நீட்டிப்பு அக்டோபரில்.

கூட்டத்தில் மின்நூலக நிறுவனத்தின் ஆள் சித்தார்த்தன் பெரிய திரையில் காட்டினார். தட்டியதெல்லாம் நொடியில் திறந்தது.

"அப்புறம் இன்னா மேடம்? சைன் போடுங்க" என்றார் விருத்தாசலம்.

"சார், ஒரு பொண்ண கூப்ட்டு தேடச் சொல்லலாமா?"

"அதான் பாத்துக்கினு இருக்கோமே!"

"அவர் தனக்குத் தெரிஞ்சத தேடுறாரு சார். புள்ளைங்க தேடுறது வேற."

கமிட்டியில் இருந்த உழவியல் பேராசிரியை பானுப்ரியா, "கூப்பிடலாம் சார், அஞ்சு நிமிஷந்தான" என்றார்.

இரண்டாம் ஆண்டு மாணவி வெண்ணிலா வந்தாள். 'மல்லாட்டை இலைப்புள்ளி' என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. அதே பயிரை 'நிலக்கடலை' என்று மாற்றினாள். அதற்கும் இல்லை.

"நெட் கொஞ்சம் ஸ்லோ..." என்றார் சித்தார்த்தன்.

"அந்த நோய்க்கு நான் சொல்லித்தர்ற புக்கே உள்ள இருக்கே!" என்றார் பானுப்ரியா.

சித்தார்த்தன் தலை குனிந்தார். "இருக்குங்க மேடம். தமிழ் புக்கெல்லாம் போட்டோ எடுத்து ஏத்துனது. உள்ள இருக்கிற எழுத்த தேட முடியாது."

விருத்தாசலத்தின் முகம் சிவந்தது. செல்வியைப் பார்த்து, "இத முன்னாடியே என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?" என்று சீறினார்.

"புதன்கெழமயே எழுதிக் குடுத்தேன் சார். உங்க டேபிள்லதான் இருக்கு."

ஒப்பந்தம் நின்றது. நிறுவனத்துக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். செல்விக்கு வேலை நீட்டிப்புக் கடிதம் வர நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை தாளாளர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஃபோன் அடித்தாலே செல்விக்குப் பகீரென்றது.

டிசம்பரில் வேறு பன்னிரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார். தமிழ்ப் புத்தகங்களிலும் இப்போது தேட முடிந்தது. ஒன்பது பேருக்கு விடை கிடைத்தது. அச்சடித்த 'மிக நன்று'களை அடித்துவிட்டு, 'வாங்கலாம். மூன்று கேள்விகளுக்கு விடை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

விருத்தாசலம் அதைப் படிக்காமலே ஃபைலில் வைக்கப் போனார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "உக்காரும்மா. எந்த மூணு?" என்று கேட்டார்.