புதன்கிழமை கடைசிச் சுற்று

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் மணிக்கூண்டு; முகத்துக்கு நேராக மணிக்கூண்டு அக்கா. பத்தொன்பது வருஷமாக ஏழே முக்காலுக்கு வாசலில் கால் வைக்கிறவள். காவலாளி தன் கைக்கடிகாரத்தை அவளைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்கிறான் என்று ஒரு பேச்சு உண்டு. இப்படிப் பேர் வாங்கியவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது: எங்கேயும் தாமதமாகப் போய் நிற்க முடியாது. அவளுடைய துன்பம் முழுவதும் அந்தப் பெருமையிலிருந்துதான் புறப்பட்டது.

அவள் வேலை தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத ஒரு அறையில். அறுவைச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பிய கத்திரி, கிடுக்கி, ஊசிபிடிப்பான் எல்லாம் அங்கே வரும். கழுவி, எண்ணி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றாக மடித்து, ஒரு டேப் ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் அடுக்கிக் கதவை முடுக்க வேண்டும். பின்கட்டு பாய்லரிலிருந்து நீராவி வரும். முள் நூற்று இருபத்தொன்றைத் தொட்டதும் அரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். நின்றால் கிருமி சாகும். டேப்பில் உள்ள வெளிறிய கோடுகள் கருப்பாகும். சுற்று முடிந்ததும் ரெஜிஸ்டரில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், சூடு, கையெழுத்து. முள்ளைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அந்த அரை மணியில் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்பது வெளியாட்களுக்குப் புரியாது.

பாய்லர் அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. கரிப்புகை பழகிய முகம், அதிகம் பேசாத வாய். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அவள் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவர் நீராவி அனுப்புவதும் அவள் வாங்கிக்கொள்வதுமாகக் குடும்பம் நடக்கிறது என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

சபையில் அவள் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி. புதன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். போதகர் ஒரு வருஷம் முழுக்க ஒரே காரியத்தைச் சொல்லிக்கொடுத்தார்: அன்றாட வாழ்க்கையில் எந்தத் தீர்மானம் எடுக்கும் முன்னாலும் முழங்கால் போடு, வேதத்தைத் திற, விசுவாசமுள்ள ஒருவரிடம் கேள். அவள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். குளிர்சாதனப் பெட்டி நீலமா சிவப்பா என்பதற்கு மூன்று நாள் ஜெபித்தாள். நீலம் என்று மனதில் பட்டது. கடையில் சிவப்புதான் இருந்தது. சிவப்பையே வாங்கிவந்து, இதுவும் ஆண்டவர் சித்தம் என்றாள். வீட்டுக்காரர், “பாவம், அவரும் கடைல இருக்கறதத்தானே குடுக்க முடியும்” என்றார். அந்த மாசத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் அவள் முழங்கால் போடவில்லை. புதன்கிழமை கடைசிச் சுற்று ஆறேகாலுக்குத்தான் முடியும், கூட்டமோ ஆறுக்கு. தலைவி தாமதமாக வந்தால் மற்றவர்கள் எப்படி வருவார்கள்? ஒரு புதன்கிழமை முள் நூற்று இருபத்தொன்றைத் தொட்டதும், இனி என்ன ஆகப்போகிறது என்று, ‘இறங்கியது ஆறேகால்’ என்று ஐந்தே முக்காலுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். புதன் சாயங்காலங்களில் பாய்லரில் இருப்பவர் இன்னொரு ஆள். அவர் கடிகாரத்தைப் பார்த்து ஆறரைக்கு நீராவியை நிறுத்துகிறவர். மறுநாள் டேப் எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. அடுத்த புதனும் அப்படியே. இதை ஒரு தீர்மானம் என்றே அவள் நினைக்கவில்லை. சின்ன வசதி, அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டிக்கு மூன்று நாள் காத்திருந்தவள் இதற்கு மூன்று நிமிஷம் யோசிக்கவில்லை. வீட்டுக்காரரோ, கடைசிச் சுற்றைச் சீக்கிரமே போட்டுவிடுகிறாள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டார்.

ஏழாவது புதன்கிழமை அந்த இன்னொரு ஆள் விடுப்பு. அவருக்குப் பதிலாகப் பாய்லரில் வீட்டுக்காரர். அன்று கூட்டத்தில், தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை அவள்தான் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். நல்ல தீர்மானங்களைப் பற்றி. வழக்கம்போல முன்கூட்டியே எழுதிவிட்டு, வேதமும் பையுமாக முற்றத்தைத் தாண்டிப் போனாள். பாய்லர் அறை ஜன்னல் வழியாக அவர் பார்த்தார். மணிக்கூண்டு வெளியே போகிறதென்றால் வேலை முடிந்துவிட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? நீராவியை நிறுத்தினார், கையைக் கழுவினார், மனைவி பேசுவதைக் கேட்கலாம் என்று பின்னாலேயே வந்துவிட்டார்.

ஆறு ஐந்துக்கு ஆண்கள் வரிசையில் அவர் வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். முதலில் சந்தோஷம். அப்புறம், அப்படியானால் பாய்லரில் யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. எழுந்த அதே நொடியில் போதகர், “சகோதரி இப்போ சாட்சி சொல்வாங்க” என்றார். அவள் முன்னே போய் நின்று, சின்னச் சின்னக் காரியங்களில்தான் ஆண்டவர் நம்மைச் சோதிக்கிறார் என்று இருபது நிமிஷம் பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு ஆட்டோகிளேவ் கதவு திறந்து கிடந்தது. எட்டுப் பொட்டலத்தில் மூன்றை ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்ததின் டேப் கருப்புமில்லை, வெளுப்புமில்லை. ஆறிப்போன தேநீர் நிறம். அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு அது கருப்புதான். ஒன்றைப் பிரித்தாள். நீராவி உள்ளே எட்டியதா என்று காட்டுவதற்காக வைத்திருந்த சோதனைத் தாள் ஓரத்தில் மட்டும் நிறம் மாறி, நடுவில் வைத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.

மாடிப்படி ஏறின வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தியேட்டர் வாசலில் நின்ற நர்சிடம், துணி கிழிந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று ஒரு பொய் சொல்லி இரண்டு பொட்டலத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள். மூன்றாவது எங்கே?

“அது விடிகாலை அஞ்சு மணி கேஸுக்கே பிரிச்சாச்சு அக்கா. தையல்காரம்மா. பித்தப்பை. தச்சு முடிச்சு வார்டுக்கு அனுப்பிட்டோம்” என்றாள் நர்ஸ். பிறகு சிரித்தாள். “அவங்களுக்கே தையல் போட்டாச்சு.”

கீழே வந்து ஏழு பொட்டலத்தையும் புதிதாகக் கட்டிச் சூடேற்றி, முப்பது நிமிஷமும் முள்ளைப் பார்த்தபடி நின்றாள். இப்போது உலகத்தின் கண்ணுக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை. ரெஜிஸ்டரில் ஆறேகால் என்று அழகான கையெழுத்து. மிச்சம் ஒரே ஒரு வயிறு.

அப்போதுதான் போதகர் சொன்ன மூன்று காரியமும் ஞாபகம் வந்தது. துணி வண்டிக்குப் பின்னால் முழங்கால் போட்டாள். தரை ஈரமாக இருந்தது; அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வேதத்தைத் திறந்தாள். யார் யாருக்கு யார் பிறந்தார் என்ற பெயர்ப் பட்டியல் வந்தது. மூன்றாவது, விசுவாசமுள்ள ஒருவர். பின்கட்டுக்குப் போனாள்.

வீட்டுக்காரர் கேட்டு முடித்ததும் கைத்துணியைக் கொஞ்ச நேரம் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நீ வெளிய போனியே.”

“போனேன்.”

“நீ போனா முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம், எத்தனையோ பேர் தப்பித்திருக்கிறார்கள், டாக்டர்கள் எப்படியும் மருந்து கொடுக்கத்தான் செய்வார்கள் என்றெல்லாம் தாழ்ந்த குரலில் அடுக்கினார். கடைசியில், “வாயத் தொறந்தா உன் வேலை மட்டுமில்ல. ரெண்டு வருஷம்தான் இருக்கு எனக்கு. கொஞ்சம் பாத்து நட” என்றார். கெஞ்சினது மாதிரியும் இருந்தது, மிரட்டினது மாதிரியும் இருந்தது. அவர் கெட்டவரில்லை. அவள் வெளியே போனால் வேலை முடிந்தது என்று நம்பியதைத் தவிர அவர் பக்கம் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு வார்டுக்குப் போனாள். பார்க்க மட்டும். தையல்காரம்மா மயக்கம் தெளிந்து கிடந்தாள். ஒல்லியான உடம்பு, ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல் நுனிகள். யாரோ தெரிந்தவள் என்று நினைத்தாளோ, கையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தாள்.

“ஜெபம் பண்றவங்களா நீங்க? எனக்காக ஒண்ணு பண்ணுங்கம்மா. பயமா இருக்கு.”

மணிக்கூண்டு ஜெபித்தாள். தொற்று எதுவும் அணுகாமல் காக்கும்படி, டாக்டர்களின் கையை ஆசீர்வதிக்கும்படி, நல்ல தமிழில், தடங்கலில்லாமல் ஜெபித்தாள். வாய் அதுபாட்டுக்குப் போயிற்று. ஆமென் சொன்னதும் தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பதான் நிம்மதியா இருக்கு” என்றாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்கு ஜெபத்தைவிட நல்ல மறைவு கிடையாது என்பது அந்த இடத்தில் அவளுக்கு விளங்கியது. குரல் ஒன்றும் கேட்கவில்லை, வசனம் ஒன்றும் வரவில்லை. பிடித்திருந்த கையை விட்டு எழுந்து, ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தலைமை நர்சின் அறைக்குப் போனாள்.

தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். “இதுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“எழுதினது சரியா இருக்கு மேடம். நடக்கல.”

“உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான்.”

“அப்புறம் ஏன் நல்லா இருக்கற ரெஜிஸ்டரக் கெடுக்கறீங்க?” இதைக் கேட்டதும் தலைமை நர்சுக்கே தான் சொன்னது கேட்டுவிட்டது போல. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார்.

ரெஜிஸ்டரில் அழிக்கக் கூடாது என்பது விதி. தப்பு என்றால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து. அவள் சிவப்புப் பேனா கேட்டு வாங்கி முதல் கோட்டைப் போட்டாள். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி, ஒன்றுக்கு ஏழாகப் போட்டாள். மற்ற ஆறும் ஒழுங்காகத்தானே போயிற்று, அதை எதற்கு என்று தலைமை நர்ஸ் தடுத்துப் பார்த்தார். நான் பார்க்கவில்லையே மேடம் என்று சொல்லிவிட்டாள்.

இந்த மாதிரிக் கதைகளில் இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. தையல்காரம்மாவுக்கு அன்று மத்தியானமே மருந்தை மாற்றினார்கள். ஆனாலும் நாலாம் நாள் காய்ச்சல் வந்து, தையலைப் பிரித்துச் சீழ் எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கிடந்தாள். அந்தப் பொட்டலத்தால்தானா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சீக்கிரம் சொன்னதால பிழைச்சாங்கன்னு மட்டும் வேணும்னா வச்சுக்கலாம்” என்றார். வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது தையல்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜெபம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்காரரைப் பாய்லரிலிருந்து எடுத்துத் தோட்ட வேலையில் போட்டார்கள். முப்பது வருஷம் நெருப்போடு இருந்த மனுஷன் கையில் ரப்பர் குழாய். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவளைச் சலவைக்கு மாற்றினார்கள். ஆட்டோகிளேவ் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால் மூன்று மாதத்தில் திரும்ப அங்கேயே கொண்டுவந்தார்கள், இனி இரண்டு கையெழுத்து என்ற புது விதியோடு. இரண்டாவது கையெழுத்துக்கு வருகிற நர்சுகள் பேனாவைத் திறந்தபடியே வருகிறார்கள். நீங்க பாத்தா போதாதா அக்கா என்கிறார்கள். அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரவைக்கிறாள், முள் இறங்கும் வரைக்கும். இப்போது அவளுக்கு மணிக்கூண்டு என்ற பேர் இல்லை. சிறை வார்டன் என்கிறார்கள்.

போதகர் ஒரு நாள் கூப்பிட்டு, நடந்ததை ஒரு சாட்சியாகச் சொன்னால் பலருக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார். “முடிவு என்னன்னு சொல்றதுங்கய்யா?” என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, அதை ஆண்டவர் காட்டும்போது சொல்லலாம் என்றார். முடிவு நன்றாக இருந்தால்தான் அதற்குச் சாட்சி என்று பேர். இல்லாவிட்டால் வெறும் சம்பவம்.

இப்போது புதன்கிழமைகளில் அவள் கூட்டத்துக்குப் போகும்போது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பெஞ்சில் உட்காருகிறாள். தலைவி வேறு ஒருத்தி. ஆண்கள் வரிசையில் வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே தெருவில், அவர் பத்தடி முன்னால், அவள் பின்னால் நடக்கிறார்கள். வீட்டு வாசலில் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். வாரம் முழுவதற்கும் அவர் பேசுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க. நின்னு பாத்தேன்.”

அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இதைக் குத்திக்காட்டக் கேட்கிறாரா, அக்கறையில் கேட்கிறாரா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பதில் சொல்லும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். அவளும் உண்மையான பதிலைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.