குரல்காரர் தெருவில் ஓர் உறுமல்

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ‘கர்ட்டன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து, துணி காட்டி, தைத்து, கம்பியில் கோத்து மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். அதற்கென்று ஒரு பழைய சின்ன கார் வைத்திருந்தாள். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கே துணிச்சுருள்களையும் ஒரு மடக்கு ஏணியையும் திணித்திருந்தாள். அவள் புருஷன் அந்தக் காரில் ஏறுவதற்கே வெட்கப்படுவார். ஏறினாலும் தெருமுனை வரும்வரை தலையைக் குனிந்துகொண்டுதான் இருப்பார்.

புருஷன் குரலை வைத்துப் பிழைப்பவர்; தெருக்காரர்களுக்கு அவர் ‘குரல்காரர்’. விளம்பரங்களுக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும் பேசுவார். கனமான, அவசரப்படாத குரல். இவர் சொல்கிற பற்பசையை வாங்காமல் இருப்பது பாவம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். கல்யாணமான புதிதில் அவளும் அந்தக் குரலில் சொக்கிப் போனவள்தான்.

தெருப்பக்க அறையைப் பதிவு அறையாக்கிக்கொண்டார். அதற்கு மூன்று அடுக்கில் கனத்த திரை தைத்துக் கொடுத்தவள் அவளே. அதன்பிறகு வீட்டில் அவர் குரலைத் தவிர வேறு சத்தம் இருக்கக் கூடாது என்றாகிவிட்டது. மிக்ஸி கிடையாது. மின்விசிறி கிடையாது. தையல் மெஷின் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குப் போனது. குழாயில் தண்ணீர் பிடிப்பதென்றால் வாளிக்குள் துணியைப் போட்டுப் பிடிக்க வேண்டும். தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓட வேண்டும். “உன் மூச்சுகூட மைக்ல விழுது” என்று ஒருநாள் சொன்னார். அதையும் அதே அழகான குரலில்தான் சொன்னார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. அவள் அப்பா இறந்த செய்தி ஒரு பிற்பகலில் வந்தது. புருஷன் பதிவு அறைக்குள் ஏதோ ஒரு புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினாள். கதவைக் கால்வாசி திறந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, விரலை உதட்டில் வைத்தார். “இந்த அத்தியாயம் முடியட்டும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதாள். அந்த அத்தியாயம் நீளமானது.

அதற்குப் பிறகும் சில வருடம் அந்த வீட்டில் இருந்தாள். கடைசியில் அவரே ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, பிரிந்துவிடலாம் என்றார். முதல் தடவை தொண்டை கட்டியிருந்தது. கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். தையல் மெஷினையும் தகரக் கொட்டகையில் இருந்த துணிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரைகள் மட்டும் அவரிடமே தங்கின.

வேறு பேட்டையில் ஓர் அறை பிடித்தாள். தொழில் நன்றாகவே நடந்தது. ஆனால் ராத்திரி படுத்தால் அந்தத் துண்டின் ஈர நூல் பல்லில் நெருடுவது போலவே இருக்கும். தன் அறையில்கூடக் கதவை ஓசைப்படாமல் சாத்துகிறோம் என்று ஒருநாள் கவனித்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த அக்கா அவளோடு ஒட்டுதலாகப் பழகியவள். புதுத் திரை வேண்டுமென்று கூப்பிட்டாள். இவள் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டுப் போய், ஏணியில் நின்று மாட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் சைலன்சர் உடைந்த ஒரு சரக்கு ஆட்டோ தடதடவென்று வந்தது. குரல்காரர் மாடியிலிருந்து விடுவிடுவென்று இறங்கி வந்தார். ஆட்டோக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி, அவர் வெலவெலத்துப் போகும்படி திட்டினார்.

அவர் படியேறி முடிப்பதற்குள் இன்னொரு சத்தம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வெளிநாட்டு கார் ஒன்று, வழி தவறி வந்ததோ என்னவோ, தெருவையே உலுக்கிக்கொண்டு போனது. குரல்காரர் திரும்ப ஓடிவந்தார். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கார் திரும்பி மறையும்வரை பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

கர்ட்டன் அக்கா ஏணியிலேயே நின்றாள். கையிலிருந்த கொக்கி கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

“என்னம்மா, சிலையா நின்னுட்டே?” என்றாள் கீழ்வீட்டு அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. பெரிய மனுஷன் வண்டின்னா காது வலிக்காது போலிருக்கு அவருக்கு.”

மறுநாளே ஊருக்கு வெளியே சைலன்சர் வேலை செய்கிற ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“இதுக்கு ரேஸ் கார் சத்தமா? உங்க பையனுக்காகவா?”

“எனக்காக.”

“அந்த வண்டிங்க எஞ்சின் வேற, இது வேறம்மா. பூனையைப் புலியாக்கச் சொல்றீங்க.”

“புலியா ஆக வேண்டாம். உறுமினா போதும். ஆள் உள்ளே இருந்து கேக்கும்போது புலின்னு நினைக்கணும்.”

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சினிலிருந்து வரும் நான்கு குழாய்களையும் ஒரே நீளத்தில் வளைத்து ஒன்றாகச் சேர்த்தால் சத்தம் சிதறாமல் ஒரே இழையாக வரும் என்றார். சைலன்சருக்கு முன்னால் ஒரு மூடி வைக்கலாம். சீட்டில் உட்கார்ந்தபடி கம்பியை இழுத்தால் அது திறந்து சத்தம் அப்படியே வெளியே வரும், விட்டால் மூடிக்கொள்ளும்.

“கீச்சுன்னு இருக்கக் கூடாது. அதெல்லாம் கனமான திரை குடிச்சிடும். அடித்தொண்டைச் சத்தம் வேணும். அதுதான் சுவரோட சேர்ந்து உள்ள போகும்.”

“திரையா? என்ன திரை?”

“நான் தைச்சது.”

கடைக்காரர் வேலையில் இறங்கினார். மூன்று தடவை குழாயை வெட்டி ஒட்டினார். முதல் தடவை தகர டின்னைத் தட்டுவது போல இருந்தது. இரண்டாவது தடவை சளி பிடித்த லாரி. மூன்றாவது தடவை கடைக்காரரே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க” என்றார். கேட்டாள். அடிவயிற்றில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறியது. வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து கீழ்வீட்டு அக்காவுக்கும் ஒரு வேலை வந்தது. பிற்பகலில் குரல்காரர் அறைக்குள் போனதும், “உள்ள போயாச்சு” என்று போனில் ஒரு வரி அனுப்புவாள். மற்ற நேரத்தில் கார் சாதுவாக ஜன்னல் அளக்கப் போய்வரும். அந்த வரி வந்தால் மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். வீட்டை நெருங்கியதும் மூடியை இழுப்பாள், காலை அழுத்துவாள். ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்கும். கட்டடத்தைத் தாண்டியதும் மூடியை விடுவாள். அவர் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பதற்குள் தெரு வெறிச்சென்று கிடக்கும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவள் போட்ட கணக்கு. யாரோ தொழிலதிபர் பக்கத்தில் குடிவந்திருக்கிறார் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். “பெரிய இடம். சும்மா போய்ச் சத்தம் போடக் கூடாது. பழக்கம் பிடிச்சுக்கிட்டா நமக்கும் நல்லதுதானே” என்று கீழ்வீட்டு அக்காவிடமே சொன்னாராம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்து போன் செய்தாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். ஒரே பக்கத்தை நாலைந்து தடவை வாசித்தார். ஒலிப்புத்தகம் பேசித்தரச் சொன்னவர்கள் பொறுமை இழந்து வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோது தன் மனசு கொஞ்சம் இளகும் என்று கர்ட்டன் அக்கா எதிர்பார்த்தாள். இளகவில்லை. மறுநாளும் போனாள்.

ஒரு பிற்பகல் அக்காவிடமிருந்து வந்த வரி வேறு மாதிரி இருந்தது. “இஸ்திரி போட்ட சட்டையோட வாசல்ல நிக்கிறார். இன்னிக்கு வராதே.”

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, முழுக்க மூடியைத் திறந்துவிட்டு, அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள்.

சத்தம் கேட்டதுமே குரல்காரர் முகத்தில் புன்னகையை ஏற்றிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்துவிட்டார். வளைவில் திரும்பி வந்தது அந்தப் பழைய சின்ன கார். பின்னால் துணிச்சுருள்கள் ஆடிக்கொண்டிருந்தன. புன்னகையை இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் அவர் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

“நீயா?” என்றார்.

அவள் காலை லேசாக அழுத்தினாள். “என்ன? கேக்கல.”

“இத்தனை நாளா நீதானா இது?”

“சத்தமா சொல்லுங்க. வண்டிச் சத்தத்துல கேக்கல.”

கத்தினார். வெந்நீரும் தேனும் கொடுத்துப் பொத்திப் பொத்தி வைத்திருந்த குரலை நடுத்தெருவில் போட்டு உடைத்தார். பைத்தியக்காரி என்றார், போலீஸ் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் காதில் கையை வைத்து, “என்ன?” என்றாள். பால்கனிகளில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ சிரித்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் உரக்கக் கத்தப் போய், நடுவில் குரல் பிளந்து, கோழி கேருவது போல ஒரு சத்தம் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அப்போது அவள் எஞ்சினை அணைத்தாள். தெரு அமைதியானது.

“எங்கப்பா செத்த அன்னிக்கு நானும் இப்படித்தான், குரல் வெளிய வராம துண்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றாள். “நீங்க உள்ள வாசிச்சிட்டிருந்தீங்க.”

அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

புகார் கொடுத்தார். தொண்டையில் குரல் இல்லாததால் எழுதித்தான் கொடுத்தார் என்று கீழ்வீட்டு அக்கா சொன்னாள். போக்குவரத்து அதிகாரி காரை நிறுத்தி, கீழே குனிந்து பார்த்துவிட்டு, இதைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார். மறுபேச்சில்லாமல் கழற்றினாள். சைலன்சர் கடைக்காரருக்குத்தான் துக்கம் தாங்கவில்லை. “நான் செஞ்சதுலயே நல்ல சத்தம்” என்று அந்தக் குழாயைத் துடைத்துக் கடை வாசலில் தொங்கவிட்டுக்கொண்டார்.

பழி தீர்த்துக்கொண்டால் மனம் வெறுமையாகிவிடும் என்று யார் யாரோ அவளிடம் சொன்னார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தூங்கினாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு வீட்டில் ஜன்னல் அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறை வானொலியில் அவர் குரல் வந்தது. ஏதோ சோப்பு விளம்பரம். கடைசி வார்த்தையில் ஒரு சின்னக் கரகரப்பு இருப்பது போலத் தோன்றியது. ஒருவேளை அவளுக்கு மட்டும்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ. அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, விளம்பரம் முடியும்வரை முழுவதையும் ரசித்துக் கேட்டாள்.