உப்பு ஜாடியும் ஒரு ஸ்பூனும்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்குத் தெரியும், கண்டுகொண்டதில்லை. ஆசிரியராவதற்கு முன் படப்பிடிப்புகளில் கன்டின்யூட்டி பார்த்தவர். நடிகர் டம்ளரை எந்தக் கையில் பிடித்திருந்தார், கதவு எவ்வளவு சாத்தியிருந்தது என்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதே காட்சியைத் தொடரும்போது எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்கிற வேலை. வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓடும்.

"போன ஷாட்ல அவ கம்மல் வேற."

"அண்ணி, புருஷன் விட்டுட்டுப் போன துக்கத்துல அழுதுட்டிருக்கா அவ. நீங்க கம்மலையா பாக்கறீங்க?" என்பாள் நாத்தனார்.

"அவ்வளவு துக்கத்துல கம்மலை எதுக்கு மாத்தினா?"

நாத்தனார் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

கல்லூரியில் முதல் வருட மாணவர்களின் கோப்புகளைத் திருத்துவது அவர் பொறுப்பு. ஒவ்வொருவரும் இல்லாத ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை எடுத்துக் காட்ட வேண்டும். படத்துக்குத் தனி மதிப்பெண். அதற்கு முன்னால் செய்த ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் தனி. மற்ற படங்கள் எப்படித் தொடங்குகின்றன என்ற குறிப்பு, யார் பார்ப்பதற்காக எடுக்கிறோம் என்ற விசாரணை, இடம் தேடிப் பார்த்த புகைப்படங்கள், ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டி வரைந்த ஸ்டோரிபோர்டு, எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். திட்டமிடலில் நடுத்தர நிலையாவது வாங்காதவர் இரண்டாம் வருடம் சினிமாப் பிரிவில் தொடர முடியாது. படம் பிரமாதமாக வந்திருந்தாலும் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வருடம் படம் பிரமாதமாக வந்திருந்தது ஒரு பெண்ணுக்கு. கேமரா தாங்கியைப் போல உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் வகுப்பில் அவளை ஸ்டாண்டு என்று கூப்பிடுவார்கள். படத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படித் திருப்பம். பெட்டியோடு ஒருத்தி காத்திருக்கிறாள். லிஃப்ட் திறக்கிறது, உள்ளே நிற்பவன் வெளியே வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆசிரியர் அறையில் கோப்பைப் பிரித்தவர் ஸ்டோரிபோர்டில் நின்றார். கோடுகள் கட்டட வரைபடம் போல நேராக இருந்தன. படத்தை மடிக்கணினியில் ஓடவிட்டு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டார். ஒரு இழை பிசகவில்லை. பிசகாமல் இருந்ததுதான் அவரை உறுத்தியது. அவர் பார்த்த எந்தப் படப்பிடிப்பிலும் வரைந்தது வரைந்தபடி வந்ததில்லை. ஸ்டோரிபோர்டின் ஒரு கட்டத்தில், பெட்டிக்காரிக்குப் பின்னால், வாளியும் துடைப்பானுமாக ஒரு அம்மாள் போய்க்கொண்டிருந்தாள். படத்திலும் போனாள்.

மறுநாள் ஸ்டாண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தம்மா யாரு?"

"எங்க பில்டிங்ல க்ளீன் பண்றவங்க, மிஸ்."

"நடிக்கக் கூப்பிட்டியா?"

"இல்ல மிஸ். ஷூட் பண்றப்போ குறுக்க வந்துட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டேன்."

"குறுக்க வரப்போறாங்கன்னு இதை வரைஞ்சவருக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்டாண்டு கட்டத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"அத்தான்தான் வரைஞ்சாரு, மிஸ். பில்டிங் பிளான் போடற ஆஃபீஸ்ல இருக்காரு. படத்தைப் போட்டுக் காட்டினேன். அப்படியே வரைஞ்சு குடுத்துட்டாரு. எனக்கு வரையவே வராது."

"அப்போ திட்டமே போடாம எடுத்தியா?"

"போட்டேன் மிஸ்! அது... அதை எப்படி மிஸ் கோப்புல வைக்கிறது?"

தயங்கிக்கொண்டே கைபேசியை நீட்டினாள். சாப்பாட்டு மேசையை மேலிருந்து எடுத்த புகைப்படங்கள். ஒரு உப்பு ஜாடி, எதிரே மிளகு டப்பா, சுவருக்குப் பதில் ஒரு ரொட்டி பாக்கெட். எல்லாப் படத்திலும் ஒரு ஸ்பூன்.

"உப்பு அவ, மிளகு அவன். ஸ்பூன்தான் மிஸ் கேமரா. காம்பு நீட்டுற பக்கம் பாக்குது."

புகைப்படங்களின் தேதியைப் பார்த்தார். படப்பிடிப்புக்கு முந்தைய வாரம். மதிப்பெண் பட்டியல் இன்னும் மேலே போகவில்லை; போகும்வரை, முன்பே செய்ததற்குச் சான்று வந்தால் சேர்த்துக்கொள்ள விதி இடம் தந்தது. ஆனால் இரண்டாவதாக ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து மேசை கேமரா சார்தான் அந்த இரண்டாமவர்.

"மிளகு டப்பாவுக்கெல்லாம் மார்க் போட ஆரம்பிச்சாச்சா மேடம்? நாளைக்கு ரசத்தைக் கொண்டு வந்து வைப்பாங்க," என்றார் அவர். "பொய்யா ஒரு ஸ்டோரிபோர்டு வெச்சிருக்கா. முட்டை போட்டுட்டுப் போங்க."

"ஸ்டோரிபோர்டுக்கு முட்டைதான். இதைப் பாருங்க."

சார் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். ஆறாவது படத்தில் கையை நிறுத்தினார். எதிரெதிரே நிற்கும் இருவரை எடுக்கும்போது அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல ஆகிவிடும். ஆறாவது படத்தில் ஸ்பூன் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கிடந்தது.

"இங்க கோட்டை விட்டிருக்கா."

"அடுத்ததைப் பாருங்க."

அடுத்த படத்தில் ஸ்பூன் திரும்பி வந்திருந்தது. அதற்கடுத்ததில் உப்பு ஜாடியும் நகர்ந்திருந்தது.

"யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டார் சார்.

"யாரும் சொல்லல சார். ஸ்பூன் இருந்த இடத்துல போனை வெச்சுப் பார்த்தேன். ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் கொண்டு வரலாம்னா சுவர் இடிச்சுது. அதான் அவளை ரெண்டு படி கீழ இறக்கினேன்."

சார் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பு பண்ணித் திருத்தினது இருக்கு. இது எடுக்கறதுக்கு முன்னாடி பண்ணினதுதான்," என்றார். அதற்கு மேல் மிளகைப் பற்றிப் பேசவில்லை.

அத்தானின் பக்கங்களுக்குப் பூஜ்யம் விழுந்தது. பிறர் வேலையைத் தன்னுடையதாக வைத்ததற்கு எச்சரிக்கை ஒன்றும் கோப்பில் ஏறியது. புகைப்படங்களின் கீழே எது யார், எது எங்கே என்று அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார் ஆசிரியை. ஸ்டாண்டு எழுதி முடிக்க மாலையாகிவிட்டது. கூட்டிப் பார்த்தபோது நடுத்தர நிலைக்கு வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் வந்தது. சார் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ ரெண்டாவது வருஷம் இங்கயே இருக்கலாமா மிஸ்?"

"இருக்கலாம்."

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

"முதல்லயே இதை மட்டும் வெச்சிருந்தா மேல் நிலை கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்."

 "சரி மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனாள் ஸ்டாண்டு. அவர் மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்றி, எண்ணைக் கோப்போடு மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்.